குழந்தைக்கு பூஸ்டர் சீட் எதுவரை வேண்டும்? பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

எட்டாவது பிறந்தநாள் முடிந்த கையோடு, பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட்டைக் காரிலிருந்து கழற்றி பேஸ்மென்ட்டில் போட்டுவிடும் குடும்பங்கள் இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் நிறைய. சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி எட்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 127 செ.மீ. பெரியவர்களுக்காகச் செய்த சீட் பெல்ட் உடம்பில் ஒழுங்காக உட்கார ஏறத்தாழ 145 செ.மீ., அதாவது 4 அடி 9 அங்குலம் வேண்டும். மிச்சமுள்ள 18 செ.மீ. வளர இன்னும் மூன்று வருடம் ஆகும். பெரும்பாலான பிள்ளைகள் 10 முதல் 12 வயதுக்குள்தான் அந்த அளவைத் தொடுகிறார்கள்.

இந்த இடைப்பட்ட மூன்று வருடங்களில் பிள்ளை வெறும் பெல்ட்டில் போகலாமா என்பதை வயதை வைத்து முடிவு செய்ய முடியாது. உங்கள் காரில், உங்கள் பிள்ளையை உட்கார வைத்து, பெல்ட் எங்கே படுகிறது என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். எப்படிப் பார்ப்பது என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில், பூஸ்டர் என்னதான் செய்கிறது?

பூஸ்டர் குழந்தையைக் கட்டிப் பிடிப்பதில்லை. பிடிப்பது காரின் பெல்ட்தான். பூஸ்டர் செய்வதெல்லாம் குழந்தையைக் கொஞ்சம் உயர்த்தி, பெல்ட் சரியான எலும்பின் மேல் படும்படி வைப்பது.

எந்த எலும்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கார் எதன் மீதாவது மோதும்போது அந்த விசையைத் தாங்கக்கூடிய கெட்டியான இடங்கள் உடம்பில் சிலதான்: இடுப்பெலும்பு, மார்புக்கூடு, காறை எலும்பு. உங்கள் இடுப்பின் முன்பக்கம் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள், மேடாக ஓர் எலும்பு தட்டுப்படும். இடுப்பு பெல்ட் மேலே வழுக்கிவிடாமல் தடுத்து நிறுத்துவது அந்த மேடுதான். சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. அதனால் மோதும்போது உடம்பு பெல்ட்டுக்குக் கீழே முன்னால் நழுவும், பெல்ட் வயிற்றின் மேல் ஏறும். வயிற்றுக்குள் இருப்பது குடல், கல்லீரல், மண்ணீரல். பின்னால் இருப்பது முதுகெலும்பு. வயிற்றில் குறுக்காகப் பெல்ட்டின் தடம், உள்ளே குடல் கிழிசல், கீழ்முதுகில் எலும்பு முறிவு, இந்த மூன்றும் சேர்ந்து வரும் நிலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘சீட் பெல்ட் சின்ட்ரோம்’.

‘பக்கத்து ஸ்கூல் வரைக்கும்தானே, மெதுவாகத்தானே போகிறோம்’ என்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 25 கிலோ எடையுள்ள பிள்ளையை நிறுத்திப் பிடிக்க வேண்டிய விசை சுமார் 350 கிலோ எடைக்குச் சமம். அத்தனையும் பெல்ட்டின் இரண்டு அங்குல அகலத்தில் இறங்குகிறது. இறங்கும் இடம் எலும்பா, வயிறா என்பதுதான் கேள்வி. நாலு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, வெறும் பெல்ட்டோடு ஒப்பிட்டால் பூஸ்டர் பலத்த காயத்துக்கான வாய்ப்பை 45 சதவீதம் குறைக்கிறது என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிறது.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம் மட்டுமே

ஒன்டாரியோவில் 2005 முதல் உள்ள விதி இது: 8 வயதுக்குக் கீழே, 18 முதல் 36 கிலோவுக்குள், 145 செ.மீ.க்குக் குறைவாக உள்ள பிள்ளைக்குப் பூஸ்டர் கட்டாயம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தாண்டினாலும் சட்டப்படி வெறும் பெல்ட் போதும். மீறினால் 240 டாலர் அபராதம், ஓட்டுநரின் பதிவில் ஏறும் 2 டிமெரிட் (தண்டனை) புள்ளிகள். 16 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் ஓட்டுநர்தான் பொறுப்பு.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது எடைக் கணக்கு. கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளை 36 கிலோ வந்துவிடலாம், உயரமோ 130 செ.மீ. தான் இருக்கும். சட்டம் விட்டுவிடும். பெல்ட் நேராக வயிற்றில் போய் உட்காரும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் பூஸ்டர் உண்டு. 45 கிலோவுக்கு மேலும் தாங்கும் மாடல்கள் கடையில் சாதாரணமாகவே கிடைக்கின்றன.

மற்ற இடங்களில் பூஸ்டர் எதுவரை கட்டாயம்? கனடாவின் வேறு மாகாணங்களான கியூபெக்கிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 9 வயது அல்லது 145 செ.மீ. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. சிங்கப்பூரில் வயதே கிடையாது, 135 செ.மீ. உயரம் மட்டும்தான். நாட்டுக்கு நாடு எண் மாறுகிறது. பிள்ளையின் இடுப்பெலும்பு மாறுவதில்லை.

படி 1: உயரத்தை ஒழுங்காக அளந்துகொள்ளுங்கள்

செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிறுத்துங்கள். தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடுங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கொண்டையை அவிழ்த்துவிட்டு அளங்கள். மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

140 செ.மீ.க்குக் கீழே என்றால் பெரும்பாலும் மேற்கொண்டு பார்க்கவே தேவையில்லை, பூஸ்டர் தொடரட்டும். அதற்கு மேல் என்றால் அடுத்த படிக்குப் போகலாம். 145 வந்துவிட்டது என்பதற்காக அப்படியே எடுத்துவிடவும் கூடாது. ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடல் நீளம். பெல்ட்டுக்கு இது இரண்டும் ஒன்றல்ல.

படி 2: காரில் உட்கார வைத்துப் பாருங்கள்

வண்டியை நிறுத்திவிட்டு, பூஸ்டரை எடுத்துவிட்டு, பிள்ளையைப் பின்சீட்டில் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார வையுங்கள். ஜாக்கெட் வேண்டாம். பெல்ட்டை அவர்களே மாட்டட்டும், நீங்கள் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். நாளைக்கு நண்பன் வீட்டு வண்டியில் அவர்கள் எப்படி மாட்டிக்கொள்வார்களோ, அதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

முதுகைப் பாருங்கள். முதுகும் பிட்டமும் சீட்டின் சாய்வில் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும்.

அப்படி ஒட்டி உட்கார்ந்த நிலையில் முழங்காலைப் பாருங்கள். சீட்டின் விளிம்பைத் தாண்டி முழங்கால் இயல்பாக மடங்கிக் கால் கீழே இறங்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தேறாமல் போவது இங்கேதான். பெற்றோர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான், ஏனென்றால் எல்லோர் கண்ணும் தோளுக்கே போகிறது. எங்கள் செடானில் என் மகளை உட்கார வைத்துப் பார்த்தபோது முதலில் எல்லாம் சரியாக இருந்தது போலத்தான் தெரிந்தது. நிமிர்ந்து, முதுகை ஒட்டி, பெல்ட் இடுப்பில். ஆனால் தொடையைவிட சீட் நீளம். கெண்டைக்கால் சதை விளிம்பில் அழுந்தியது. நான் ஒன்றும் சொல்லாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் காலை மடக்குவதற்காகத் தன்னையறியாமல் முன்னால் நழுவினாள். முதுகு கூன் போட்டது. தொடைமேல் இருந்த பெல்ட் டிஷர்ட்டைச் சுருட்டிக்கொண்டே தொப்புள் வரை ஏறிவிட்டது. இது அவள் சேட்டை இல்லை, உடம்பு வசதி தேடுகிறது. ‘நேரா உட்காரு’ என்று எத்தனை தரம் சொன்னாலும் நிற்காது.

அடுத்து இடுப்பு பெல்ட். அது தொடையின் மேற்பகுதியைத் தொட்டபடி இடுப்பின் அடியில் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். வயிற்றின் மென்மையான பகுதி பெல்ட்டுக்கு மேலே முழுதாகத் தெரிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டு அழுத்திப் பாருங்கள். கெட்டியாக எலும்பு தட்டினால் சரி, மெத்தென்று இருந்தால் தேறவில்லை.

தோள் பெல்ட் கழுத்துக்கும் தோளின் ஓரத்துக்கும் நடுவே, காறை எலும்பின் மத்தியில் ஏறி, மார்பின் நடுவாக இறங்க வேண்டும். கழுத்தை அறுத்தால் பிள்ளை சும்மா இருக்காது, பெல்ட்டைக் கையிடுக்கில் அல்லது முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். கையிடுக்கில் போனால் விலா எலும்பு தாங்காது. முதுகுக்குப் பின்னால் போனால் மேலுடம்பைப் பிடிக்க எதுவுமே இல்லை, தலை முன்சீட்டில் போய் மோதும்.

பாதம் இரண்டும் தரையில் பதிகிறதா என்றும் பாருங்கள். கால் ஊன்றினால்தான் நழுவாமல் உட்கார முடியும்.

கடைசியாக, இதே நிலையில் பயணம் முழுக்க இருக்க முடிகிறதா? இதை நிறுத்தி வைத்த வண்டியில் கண்டுபிடிக்க முடியாது. டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியல் 540 கி.மீ. பாதி வழியில் வரும் கிங்ஸ்டன் தாண்டியதும் பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கிறது, தூங்கினால் எந்தப் பக்கம் சரிகிறது என்று பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டும். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து பெல்ட்டை விட்டுத் தோள் முழுதாக வெளியே வந்துவிடுகிற பிள்ளைக்கு, மற்றவையெல்லாம் சரியாக இருந்தாலும் நீண்ட பயணத்துக்கு இன்னும் பூஸ்டர் வேண்டும்.

இத்தனையில் ஒன்று இல்லையென்றாலும் பூஸ்டர் தொடர வேண்டும். ‘பாதிக்கு மேல் சரியாயிருக்கே’ என்ற கணக்கு இதில் இல்லை.

படி 3: ஒவ்வொரு வண்டியிலும், ஒவ்வொரு இடத்திலும்

ஒரு காரில் தேறிய பிள்ளை இன்னொரு காரில் தேறாது. சீட்டின் நீளம், பெல்ட் கிளம்பும் உயரம், சீட்டின் சாய்வு எல்லாம் மாடலுக்கு மாடல் வேறு. மினிவேனின் மூன்றாம் வரிசை சீட் பல வண்டிகளில் நீளம் குறைவு, முழங்கால் அழகாக மடங்கும். அதே பிள்ளை நடு வரிசையில் நழுவும். நடு சீட்டில் பெல்ட் கூரையிலிருந்து வந்தால் அது விழும் கோணமே தனி.

அதனால் உங்கள் வண்டி, கணவர் அல்லது மனைவியின் வண்டி, கார்பூல் நண்பர்களின் வண்டி என்று எல்லாவற்றிலும் பாருங்கள். சில மாதங்களுக்கு ‘அப்பா கார்ல வேண்டாம், அம்மா கார்ல வேணும்’ என்ற நிலை இருக்கும். அது முற்றிலும் இயல்பு. பிள்ளைக்கும் இதை அப்படியே சொல்லுங்கள், வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சீட்டின் அளவுதான் காரணம் என்று.

நடுவில் ஒரு கட்டம்: முதுகில்லாத பூஸ்டர்

ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு முதுகு வைத்த பெரிய பூஸ்டரில் உட்காரக் கூச்சம் வரும். காரின் ஹெட்ரெஸ்ட் பிள்ளையின் காது உயரம் வரைக்கும் தாங்கினால், தோள் பெல்ட்டும் சரியாக விழுந்தால், முதுகில்லாத பூஸ்டருக்கு மாற்றலாம். ஜன்னலுக்கு வெளியிலிருந்து பார்த்தால் அது இருப்பதே தெரியாது. பிடிவாதம் பாதி அதிலேயே அடங்கிவிடும். தூங்கித் தூங்கிச் சரிகிற பிள்ளைக்கு மட்டும் முதுகு வைத்ததையே வைத்திருங்கள், பக்கவாட்டுத் தாங்கல் அவசியம்.

பிள்ளைகள் தாங்களே மாட்டும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இடுப்பு பெல்ட்டைப் பூஸ்டரின் கைப்பிடிக்கு மேலாக விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் பெல்ட் தொடையைத் தொடாமல் வயிற்றுக்கு நேராக அந்தரத்தில் நிற்கும். கைப்பிடிகளுக்கு அடியில்தான் போக வேண்டும். கையேட்டில் படம் இருக்கும், பிள்ளையிடமே காட்டுங்கள். யாரும் உட்காராதபோதும் பூஸ்டரைப் பெல்ட்டால் மாட்டியே வையுங்கள். சடன் பிரேக்கில் அது பறந்து வந்து யார் தலையிலாவது விழும்.

பூஸ்டருக்குப் பதில் என்று எதுவும் இல்லை

தலையணை, மடித்த போர்வை, சோபா குஷன் எதுவும் உதவாது. மோதும் நேரத்தில் அமுங்கி நழுவி, பிள்ளையையும் சேர்த்து பெல்ட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகும். தோள் பெல்ட்டைக் கீழே இழுத்துப் பிடிக்க ஆன்லைனில் விற்கும் கிளிப்புகளையும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். கழுத்திலிருந்து பெல்ட்டை இறக்குவதற்காக அவற்றில் பல இடுப்பு பெல்ட்டை மேலே தூக்கிவிடுகின்றன. ஒரே பெல்ட்டில் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து மாட்டுவது கூடவே கூடாது.

ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா காரில் ஏறியதும் கேட்டார்: “ஏண்டி, இவ்ளோ வளர்ந்த பொண்ணுக்கு இன்னும் இந்த சீட்டு எதுக்கு? என் மடியில உட்காந்துக்கட்டுமே.” பாசத்தில் கேட்பவரிடம் சட்டம் பேசிப் பயனில்லை. “உங்க இடுப்புல பெல்ட் எங்கே இருக்கு பாருங்கம்மா, இவளுக்கு எங்கே வருது பாருங்க” என்று இரண்டையும் அடுத்தடுத்து காட்டினேன். அவருக்கு இடுப்பில், அவளுக்கு வயிற்றில். அதற்குப் பிறகு ஸ்கூலுக்குக் கூட்டிப்போகும்போது பூஸ்டர் இருக்கிறதா என்று முதலில் கேட்பவர் அவர்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படிக் காட்டிப் பாருங்கள்.

பிள்ளைகளிடம் ‘நீ இன்னும் குழந்தை’ என்ற தொனி மட்டும் வேண்டாம். சுவரில் 145-க்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். எப்போது விடுதலை என்று அவர்களுக்கே தெரியும்.

குளிர்கால ஜாக்கெட்

பெல்ட்டுக்கு அடியில் பருத்த ஜாக்கெட் இருந்தால் இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். மோதும்போது உள்ளே இருக்கும் காற்று அமுங்கி, பெல்ட் தளர்ந்துவிடும். மெல்லிய ஃபிளீஸ் போட்டு பெல்ட்டை மாட்டிவிட்டு, ஜாக்கெட்டை மேலே போர்த்துங்கள். ஜனவரி காலையில் வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் வாக்குவாதம் இருக்காது.

ஊருக்குப் போகும்போது

இந்தியாவில் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. நடைமுறையில் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் சென்னையிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் போகும் வேகம் இங்கே 401 நெடுஞ்சாலையில் போகும் வேகத்துக்குக் குறைந்ததில்லை. முதுகில்லாத பூஸ்டர் ஒன்றிரண்டு கிலோதான் இருக்கும், பெட்டியிலேயே அடங்கிவிடும்.

பிரச்சினை வேறு இடத்தில் வரும். வாடகை இன்னோவாவில் பின்சீட்டு பெல்ட் இருக்கும், ஆனால் அதன் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். வண்டியை புக் செய்யும்போதே “பின்னாடி பெல்ட் எல்லாம் வெளியே எடுத்து வைங்கண்ணே” என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். பழைய வண்டிகளில் நடு சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். அங்கே பூஸ்டரை வைக்கவே கூடாது, தோள் பெல்ட் இல்லாமல் பூஸ்டர் மேலுடம்பை முன்னால் வீசிவிடும். ஜன்னலோர சீட்டைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

இதற்கு நேரெதிராக, ஊரிலோ அமெரிக்காவிலோ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி இங்கே கொண்டுவராதீர்கள். கனடாவின் தேசியப் பாதுகாப்பு முத்திரை, அந்த மேப்பிள் இலைக் குறி, இல்லாத சீட்டை இங்கே பயன்படுத்துவது சட்டவிரோதம்.

பூஸ்டரை எடுத்த பிறகு

வெறும் பெல்ட்டுக்கு வந்த கையோடு முன்சீட் கேட்பார்கள். 13 வயது வரை பின்சீட்தான். முன்னால் இருக்கும் ஏர்பேக் பெரியவர்களின் உடம்பைக் கணக்கில் வைத்துச் செய்தது. வேறு வழியே இல்லாத நாளில் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

பழைய பூஸ்டரை யாருக்காவது கொடுப்பதானால் அடியில் உள்ள லேபிளில் காலாவதித் தேதியைப் பாருங்கள். விபத்தில் சிக்கிய சீட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், யாருக்கும் கொடுக்காதீர்கள். காலாவதியானதைக் குப்பையில் போடும் முன் துணியைக் கிழித்து, மார்க்கரால் பெரிதாக ‘பயன்படுத்தாதீர்’ என்று எழுதிவிடுங்கள், சாலையோரத்தில் யாராவது எடுத்துப் போய்விடக் கூடாது. நல்ல நிலையில் இருப்பதைக் கொடுக்கும்போது கையேட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அது தொலைந்துபோயிருந்தால் லேபிளில் உள்ள மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு இறக்கிக்கொள்ளலாம்.